அழாதவனை எப்படி எழுதுவது?

கேள்வி: 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக் காலத்தை வைத்து என் முதல் சிறுகதையை எழுதியிருக்கிறேன். கதாநாயகன் தம்பியின் உடலுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டான். என் மாமா அப்படித்தான் நின்றவர் என்று அம்மா சொல்லுவா. வாசித்த தோழிகளோ, "இவன் என்ன கல்லா?" என்கிறார்கள். அழ வைத்துவிடட்டுமா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: வேண்டாம் தங்கச்சி, அழ வைக்காதேங்கோ. அவன் யாருக்காக அடக்குகிறான் என்பது கதையில் இல்லாததுதான் தோழிகளை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவ் 1956 கடைசியில் வெளியிட்ட ஒரு கதையில் சோகலோவ் என்றொரு லொறிச் சாரதி வருவார். மனைவியும் மகள்களும் குண்டுவீச்சில் போய்விட்டார்கள். மிஞ்சிய மகனும் 1945 மே 9, வெற்றி நாளன்று காலையில், சுடப்பட்டுச் சாகிறான். அடக்கத்தின்போது அவருக்கு அழுகை வரவில்லை. பிறகு ஒரு அநாதைப் பையனைத் தன் பிள்ளை என்று சொல்லி வளர்க்கிறார். பகலில் அவரிடமிருந்து ஒரு பெருமூச்சும் வராது. இரவில் விழித்தால் தலையணை நனைந்திருக்கும். அந்தப் பையன் இருப்பதால்தான் அந்த அடக்கம் நமக்குப் புரிகிறது, வலிக்கிறது.

நம்மிடமும் இருக்கிறது. புறநானூறு 255, வன்பரணர் பாட்டு. கணவன் களத்தில் விழுந்து கிடக்கிறான். 'ஐயோ' என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். தூக்கவும் முடியவில்லை, மார்பு அவ்வளவு அகலம். என் கையைப் பிடித்துக்கொண்டு மலை நிழல்வரை கொஞ்சம் நட என்று இறந்தவனிடமே கேட்கிறாள். எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குத் தாங்காது. மகன் துண்டுபட்டுக் கிடப்பதைக் கண்டு பெற்ற நாளைவிட மகிழ்ந்த தாயும் (278) அதே நூலில்தான் இருக்கிறாள். ஆனால் இத்தனை சாவுகளைப் பார்த்த ஊரிலிருந்து இன்று எழுதும் ஒருவர் அவளைப் பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். செத்தவீட்டில் அழாத ஆம்பிளைகள் சும்மா நிற்பதில்லை. பந்தல் போடுவார்கள், கதிரை இறக்குவார்கள், ஐயரைக் கூட்டிவர ஓடுவார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருக்கியடித்துப் போனபோது இதில் எதற்கு வழி இருந்தது? பறை இல்லை, பந்தல் இல்லை. அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போகவும் முடியாது. துக்கத்தைக் கொட்ட ஒரு வேலைகூட இல்லாத கைகள் அவனுடையவை. அந்தக் கைகளை எழுதுங்கோ. 'கல்லாய் உறைந்து நின்றான்' என்ற வரி இருந்தால் வெட்டிவிடுங்கள்.

மாமாவிடம் "ஏன் அழவில்லை" என்று மட்டும் கேட்காதேங்கோ. அந்த இரவில் அவரோடு யார் யார் நடந்தார்கள், சைக்கிள் கரியரில் யார் இருந்தது, யாருக்கு என்ன நடந்ததென்று தெரியாமல் இருந்தது என்று அம்மாவிடம் விசாரியுங்கள். திருத்தி எழுதிய பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கோ, வாசிக்க ஆசையாக இருக்கிறது.