ஜாக்கிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன்: சாட்ஸ்வொர்த் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பதினைந்து வயது மகன், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகருக்கு அருகேயுள்ள சம்மர்வெல்ட் ஜாக்கிப் பயிற்சிக் கழகத்தில், அதாவது பந்தயக் குதிரை ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில், சேர விரும்புகிறான் என்றும், இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து, யார் பேசினாலும் எரிந்து விழுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டது விண்ணப்பத்தைப் பற்றித்தான். எனினும் அந்தச் சாப்பாட்டைப் பற்றியே முதலில் பேச விரும்புகிறேன்.

பந்தயக் குதிரை சுமக்க வேண்டிய எடை முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. ஜாக்கியின் உடலும் சேணமும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், பட்டினியும் வியர்த்து எடை குறைப்பதும் இத்தொழிலில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. பசி மனத்தையும் வாட்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடந்த ஆய்வில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தபோது, சிடுசிடுப்பும் சோர்வும் மிகுந்து, பிறரிடமிருந்து ஒதுங்கி, எந்நேரமும் உணவையே நினைத்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே மகனின் கோபத்தைத் திமிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புரட்டாசி விரதம் என்று அவன் சொன்னதை நீங்கள் நம்பியதில் தவறில்லை. ஆனால் புரட்டாசியில் நாம் கறி, மீனைத்தான் விலக்குகிறோம். சோற்றையும் பருப்பையும் குடும்பமாக உட்கார்ந்து உண்கிறோம். மாதம் முடிந்த பின்னும் தனியாக, மறைத்துத் தொடர்வதை விரதம் என்று நான் கருதவில்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு வந்தபின், 100 கிராம் கூடியதற்காகத் தகுதியிழந்து, மறுநாளே ஓய்வை அறிவித்தார். அனுபவம் மிக்கவரையே அப்படி உலுக்கிய தராசின்முன், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பையனை நிறுத்துவதற்கு முன் நாம் சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அவன் எவ்வளவு உயரம் வளரக்கூடும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழகத்தில் உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்களா, எடை கூடிய மாணவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள். எந்த எடையைத் தாண்டினால் இந்தப் பாதையை விட்டுவிடுவது என்பதை இப்போதே அவனுடன் பேசி எழுதி வையுங்கள். பசித்திருக்கும் நாளில் அம்முடிவை எடுக்க அவனால் முடியாது. மெட்ரிக் என்னும் பள்ளி இறுதிப் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். குதிரைகள் மீதுதான் அவனுக்கு ஆசை என்றால், பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவ உதவியாளர் போன்ற வேலைகளில் யாரும் அவனை எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள், மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் இலவசத் தொலைபேசியில் ஆலோசகர்கள் பேசுவார்கள். அவன் மறுபடி இரவில் உங்களோடு அமர்ந்து சாப்பிடத் தொடங்கியதும் இருவரும் என்னிடம் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.