பதினேழாவது ஆள்

அன்புள்ள சார்,

ஒஹையோவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு 15 நிமிடம் 50 வினாடி. ஸ்காலர்ஷிப் கிடையாது, வேண்டுமானால் ‘வாக்-ஆன்’ ஆக, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்பவனாக வந்து பார் என்கிறார் எங்கள் கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளமான திறந்தவெளியில் ஓடும் ஓட்டம்) கோச். “காசும் இல்லை, பந்தயத்திலும் இறக்க மாட்டார்கள், அப்புறம் எதற்கு?” என்கிறார் அப்பா. எனக்கும் பதில் தெரியவில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதில் பாதி சரி. பெரிய கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் அணிக்கு ஏழு பேர்தான் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டினால் அதுதான் அணியின் புள்ளி. குறைவாக இருப்பவர்களுக்கு வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆள் அந்தக் கூட்டலில் இல்லை. ஆனால் அவர் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி ஏறிவிடும். இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. நீங்கள் அந்த ஏழுக்குள் வராமலே போகலாம், அது வேறு விஷயம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. உங்கள் கல்லூரி முதல் டிவிஷனா? அப்படியானால் கோச்சிடம் முதலில் இதைக் கேளுங்கள். முன்பு ஸ்காலர்ஷிப்புக்குத்தான் வரம்பு, ஆட்களுக்கு இல்லை. வாக்-ஆன்களை விருப்பம்போல வைத்துக்கொள்வார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ‘ஹவுஸ்’ வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர்தான். ஆகவே “வந்து பார்” என்பதற்கு என்ன அர்த்தம், பட்டியலில் இடம் உண்டா, எப்போது கழித்துக்கட்டுவார் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். மூன்றாம் டிவிஷன் என்றால் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, எல்லோரும் உங்களைப் போலத்தான்.

இனி அப்பாவின் “எதற்கு?”. நான் கல்லூரி வாலிபால் அணியில் மூன்று வருடம் எக்ஸ்ட்ரா. வலை கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது, பந்து பட்டு அல்ல. ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஆடவில்லை. அந்த வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஓட்டத்தில் எக்ஸ்ட்ராவுக்கு அந்தக் கதி இல்லை. பதினேழாவது ஆளும் முதல் ஆள் ஓடும் அதே மேட்டில்தான் ஓடுகிறான். 15:50 என்பது 15:20 ஆனால், பந்தயத்தில் இறக்காவிட்டாலும் அது உங்களுடையது.

நான் பயப்படுவது நேரத்துக்குத்தான். முதல் டிவிஷனில், சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி. பயண நேரம், காயத்துக்கு வைத்தியம் எல்லாம் அதில் சேராது. இலையுதிர் காலம் முடிந்ததும் இன்டோர் டிராக், அதற்குப் பின் அவுட்டோர். ஓட்டக்காரனுக்கு லீவு என்பதே கிடையாது. உங்கள் லேப் மதியமா? பயிற்சியும் அப்போதே என்றால் எதை விடுவீர்கள்?

கோச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அணியில் கடைசியாக ஓடிவரும் பையனைத் தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுப்பது. போன வருடம் எத்தனை பந்தயத்துக்கு அவனைக் கூட்டிப்போனார்கள், காலில் அடிபட்டபோது யார் கவனித்தார்கள் என்று விசாரியுங்கள். அவன் முகம் சுருங்கினால் கல்லூரி ரன்னிங் கிளப் இருக்கவே இருக்கிறது. கிளப்புகளுக்கென்று ‘நிர்கா’ என்ற அமைப்பு தேசியப் போட்டியே நடத்துகிறது, அதில் நீங்கள் முன்வரிசையில் ஓடலாம்.

அவன் சிரித்தால் சேர்ந்துவிடுங்கள். மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தேர்வு ஓட்டத்தில் விடமாட்டார்கள், சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) சோதனை முடிவும் கேட்பார்கள். அதை இந்த வாரமே முடித்து வையுங்கள்.