பில் போடும் இடத்தில் ஒரு பொய்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 39. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கொஞ்சம் பருமனான உடம்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் பிரச்சினையைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடையில் சாக்லேட், கேக், ஐஸ்கிரீம் வாங்க எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பிடுவதற்கு இல்லை, வாங்குவதற்கு.

சாக்லேட்டைக் கூடையின் அடியில் போட்டு, அதன்மேல் முட்டைக்கோஸ், ஆப்பிள் என்று அடுக்கிவிடுவேன். பில் போடும் பெண் ஒன்றும் கேட்காமலேயே "குழந்தைகளுக்கு" என்பேன். அவள் என்னை ஞாபகம் வைத்துக்கொள்வாளோ என்று ஒரே கடைக்கு அடுத்தடுத்துப் போக மாட்டேன். ஒருமுறை வரிசையில் பின்னால் நின்றவர் என் கூடையைப் பார்த்துவிட்டு "என்ன, வீட்டில் பார்ட்டியா?" என்று சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன மாதம் என் மகளும் கூட வந்தாள். அவளுக்கு 13 வயது. பில் போடும்போது "இவளோட பிறந்தநாளுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் பிறந்தநாள் முடிந்து எவ்வளவோ நாளாகிறது. ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தாள். இப்போது அவள் பள்ளிப் பையில் சாக்லேட் காகிதங்களைச் சின்னதாக மடித்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

பேசாமல் இதையெல்லாம் வாங்குவதையே நிறுத்திவிடட்டுமா? இல்லை, ஆன்லைனில் வரவழைத்துவிடட்டுமா?

— பெயர் வேண்டாம்


அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. இதே மாதிரிக் கடிதங்கள் ஆண்களிடமிருந்தும் வருகின்றன, ஒல்லியாக இருப்பவர்களிடமிருந்தும் வருகின்றன. யாரும் பெயர் போடுவதில்லை.

முதலில் அந்த பில் போடும் பெண். அடுத்த முறை அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். ஒரு பொருளை எடுப்பாள், பார்கோடு எந்தப் பக்கம் என்று திருப்புவாள், சிவப்பு வெளிச்சத்தில் காட்டுவாள், 'பீப்' என்றதும் அடுத்ததை எடுப்பாள். ஐஸ்கிரீம் டப்பா வரும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும். உங்களை எடைபோடுவதற்காக நிற்கவில்லை. டப்பாமேல் பனி படிந்து கோடுகள் மங்கியிருக்கும். கட்டைவிரலால் துடைத்து மறுபடி காட்டுவாள். அப்போதும் மெஷின் படிக்கவில்லையென்றால், கோடுகளுக்குக் கீழே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். அதற்குள் உங்களுக்குக் காது சூடாகி, கை வேர்த்திருக்கும். அவளுக்கு அது பீப் அடிக்காத ஒரு டப்பா, அவ்வளவுதான். அவள் மனதில் ஓடுவது நீண்டுகொண்டே போகும் வரிசை, தீர்ந்துபோன சில்லறை, நின்று நின்று வலிக்கும் கால்.

உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு பேரி மனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதில் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பது மானக்கேடு. வெளியே வந்ததும், உன் சட்டையில் இருந்தது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் எனக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள் சட்டை போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்டக் கால்வாசிதான். நெஞ்சில் அவ்வளவு பெரிய முகத்தைச் சுமந்துகொண்டு போனவர்களுக்கே அந்தக் கதி என்றால், கூடையின் அடியில் கிடக்கும் சாக்லேட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

சரி, அந்த 'பார்ட்டி' ஆசாமி பார்த்தாரே என்பீர்கள். பார்த்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். பருமனான ஒருவரின் கூடையில் கேக் இருந்தால் ஒரு பார்வை, ஒல்லியான ஒருவரின் கூடையில் அதே கேக் இருந்தால் வேறொரு பார்வை என்பது உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. "யாரும் உன்னைக் கவனிக்கவே இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்கள் அந்த உடம்பில் வாழ்ந்து பார்க்காதவர்கள். ஆனால் நீங்கள் எத்தனை வருடமாகக் கடைக்குப் போகிறீர்கள், எத்தனை வரிசைகளில் நின்றிருக்கிறீர்கள்? அத்தனையிலும் வாயைத் திறந்தவர் என்று உங்கள் கடிதத்தில் இருப்பவர் ஒரே ஒரு ஆள். அந்த ஒருவரை நீங்கள் மனதில் குடிவைத்து, எல்லா வரிசையிலும் பின்னால் நிறுத்திக்கொள்கிறீர்கள். அவருக்கோ அன்று ராத்திரியே அது மறந்திருக்கும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உங்கள் கேஸில் குற்றமே இல்லாமல் நெஞ்சு குறுகுறுக்கிறது. அதற்குத் தீனி போடுவது அந்த முட்டைக்கோஸ்தான்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்த மறைக்கும் வித்தையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கூச்சம் தரும் பொருளோடு வேறு பொருள்களையும் சேர்த்து வாங்கினால் கூச்சம் குறையுமா என்று ஷான் பிளேர், நீல் ரோஸ் என்ற இருவர் சோதித்தார்கள்; கட்டுரை 2013இல் வந்தது. எதையாவது சேர்த்துப் போட்டால் போதும் என்பது எப்போதும் பலிப்பதில்லை, பொருத்தமில்லாமல் சேர்த்தால் கூச்சம் கூடவும் செய்யலாம் என்று கண்டார்கள். உங்களுக்கு முட்டைக்கோஸ் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்கலாம். கூடவே உங்கள் மனதுக்கு அது இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறது: அடியில் இருப்பது வெளியே தெரியக் கூடாத பொருள் என்று. மறைத்ததால் தப்பித்தோம் என்றே ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வருகிறீர்கள். மறைக்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது உங்களுக்குத் தெரியவரும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. பதற்றத்துக்குச் சிகிச்சை தருகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த மாதிரித் தற்காப்புப் பழக்கங்களில்தான்.

"குழந்தைகளுக்கு" என்பதும் அப்படித்தான். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். பொருளைத் திருப்பிக் கோடு தேடிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள்.

நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற ஆய்வாளர்கள் 1975இல் ஒரு சோதனை பற்றி எழுதினார்கள். மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொல்லி, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அளந்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்காதவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்கள் தலைகீழ்: மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன' என்ற மனநிலை. நீங்கள் இன்று சத்தியம் செய்து நிறுத்தினால், அது உடையும் நாளில் ஒரு துண்டோடு நிற்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரெண்டா மேஜர் என்பவரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் சில பெண்களுக்கு ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்தார்கள். பருமனானவர்களுக்கு வேலை கிடைப்பதில் உள்ள பாரபட்சத்தைப் பற்றியது அது. அதைப் படித்தபின், தங்களைப் பருமனென்று நினைத்த பெண்கள் பக்கத்தில் இருந்த தின்பண்டத்தை அதிகமாகச் சாப்பிட்டார்கள். வேறு கட்டுரை படித்தவர்களிடம் அது இல்லை. யாராவது கேலி பண்ணினால் சாப்பாடு குறையும், அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிற சொந்தபந்தங்கள் இதைப் படித்தால் தேவலை.

ஆன்லைன்? அலைச்சலை மிச்சம் பண்ண என்றால் தாராளமாக வரவழையுங்கள். முகத்தை மறைக்க என்றால் அதுவும் இன்னொரு முட்டைக்கோஸ்தான்.

அப்புறம் என்னதான் செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரே கடையை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரே ஒரு சாக்லேட், மேலாக, படம் தெரிகிற மாதிரி. விளக்கம் எதுவும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். கூட்டமான நேரம், பெரிய கேக் எல்லாம் பிறகு. ஆணுறை வாங்கும்போது வரும் கூச்சத்தைப் பற்றி 2001இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. பக்கத்தில் ஆள் இருந்தாலும் கூச்சம் வருகிறது, இருப்பதாக நினைத்துக்கொண்டாலும் வருகிறது. வாங்கிப் பழகியவர்களுக்கோ பக்கத்தில் ஆள் இருப்பது அவ்வளவு உறைப்பதில்லை என்றது அது. அதற்கே பழக முடிகிறது, சாக்லேட்டுக்கு முடியாதா?

கடை மாற்றும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான். அந்தப் பெண் உங்களை அடையாளம் கண்டுகொள்ளட்டுமே. 'வாங்க' என்று சிரித்தால் பதிலுக்குச் சிரியுங்கள்.

மறுபடியும் யாராவது "பார்ட்டியா?" என்றால், "இல்லை, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டியதுமில்லை, முறைக்க வேண்டியதுமில்லை. நீங்கள் நெளியாவிட்டால் அவருக்கு அடுத்த வரி கிடைக்காது. சில பேர் அதற்கு மேலும் போய் உடம்புக்கு நல்லதில்லை என்று வைத்தியம் சொல்வார்கள். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் போதும்.

இடையில் ஒரு விஷயம். எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரே மூச்சில் மிக அதிகமாகச் சாப்பிட்டு, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல், வெட்கப்பட்டுத் தனியாக ஒளிந்து சாப்பிட்டு, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்பு வருகிறது, இது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால், அதை மனவலிமைக் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் அது ஒரு தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. கடைக்கூச்சம் மட்டுமில்லாமல், நாலு பேர் முன்னால் பேசவும் சாப்பிடவும் பயந்து வேலையே கெடுகிறது என்றாலும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

இப்போது உங்கள் மகள். கடிதத்தில் கடைசியாக, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயமாகப் பட்டது.

அன்று அந்த வரிசையில் உங்களை உண்மையாகவே கவனித்த ஒரே ஆள் அவள்தான். சாக்லேட் வாங்கினால் பொய் சொல்ல வேண்டும் என்று அம்மா செய்து காட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டாள். 13 வயது, தன் உடம்பைப் பற்றியும் யோசிக்க ஆரம்பித்திருக்கும் வயது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உங்களுக்கும் யாரோ ஒருவர் அந்த வயதில் தட்டில் கைவைக்கும்போது "இன்னும் வேணுமா?" என்று கேட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவள் பையைச் சோதனை போட்டதையோ, காகிதத்தைப் பார்த்ததையோ சொல்லி விசாரிக்காதீர்கள். விசாரித்தால் இன்னும் நல்ல ஒளிவிடமாகத் தேடிக்கொள்வாள்.

சாக்லேட்டை வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், டப்பாவில் போட்டு வையுங்கள். நீங்கள் சாப்பிடும்போது அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். 'இன்னைக்கு ஒரு நாள்தான்', 'நாளைக்கு நடந்து சரிபண்ணிடணும்' என்கிற வசனங்கள் இல்லாமல். அவளையும் கடைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் பிடித்ததை அவளே எடுக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் எடுங்கள். பில் போடுகிறவளிடம் இரண்டுக்கும் காரணம் சொல்லாதீர்கள்.

அந்தப் பிறந்தநாள் பொய்யை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எதிரெதிரே உட்காரவைத்து இல்லை. துணி மடிக்கும்போதோ, சேர்ந்து நடக்கும்போதோ. "அன்னைக்குக் கடையில உன் பிறந்தநாள்னு சொன்னேன் இல்ல, அது எனக்கு வாங்கினது. சொல்லக் கூச்சமா இருந்துச்சு." அவ்வளவு போதும், உபதேசம் சேர்க்க வேண்டாம். ஏன் கூச்சம் என்று அவள் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். "தெரியும்மா" என்று தோளைக் குலுக்கிவிட்டு மொபைலைப் பார்க்கப் போனால், போகட்டும்.