பழைய வரைபடமும் ஏலாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கத்துப் பழைய சர்வே வரைபடம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். ஆண்டு இருந்த ஓரம் கிழிந்திருக்கிறது. ஆற்றின் இரு பக்கமும் வயலும் குளமும்; இன்று அங்கே வீடுகள். இது எந்தக் காலத்தது? கூகுள் மேப் இருக்கும்போது இதை மாணவர்களுக்குக் காட்டிப் பயன் உண்டா?

ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

அன்புள்ள டீச்சர்,

காலம் அறிய, அதில் எது இல்லை என்று பாருங்கள். ரயில் பாதை இல்லையென்றால் 1979க்கு முந்தைய நிலவரம். திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதை அந்த ஆண்டுதான் திறந்தது. களியக்காவிளையில் தமிழ்நாடு–கேரள மாநில எல்லை இல்லையென்றால், 1956 நவம்பர் 1க்கும் முந்தையது. கிழக்கே அடுத்த தாளும் கிடைத்தால் பேச்சிப்பாறையைத் தேடுங்கள். அணை 1906ல் முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. பழைய அளவையையே பல வருஷம் கழித்தும் அச்சிடுவார்கள்.

பயன் உண்டா என்றால், நிறையவே உண்டு. செயற்கைக்கோள் படத்தில் தெரிவது கூரையும் ரப்பர் மரமும்தான். அதன் அடியில் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைச் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் போட்டிருக்கும் சமஉயரக் கோடுகள்தான் காட்டும். உங்கள் விளவங்கோடு வட்டத்தில் மேடெல்லாம் விளை என்கிற தோட்டம், பள்ளமெல்லாம் ஏலா என்கிற வயல். மழைத் தண்ணீர் விளையிலிருந்து இறங்கி, ஏலாவில் தங்கி, அப்புறம்தான் ஆற்றுக்குப் போகும். ஏலாவை மண் போட்டு மேடாக்கி வீடு கட்டினாலும் தண்ணீர் பழைய வழியிலேயே வரும். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், வரைபடத்தை விரித்துக் காட்டினால் போதும். நாஞ்சில் நாட்டில் குளங்கள் தொடராக இருக்கும். ஒன்று நிரம்பி மறுகால் வழியே வெளியேறும் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போய், கடைசியில் பழையாறு வழியாக மணக்குடியில் கடல் சேரும். நடுவில் ஒரு குளத்தைத் தூர்த்தால் அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். நம் ஊர்களில் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு இந்தத் தாளையும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் அங்குல வரைபடத்தில் சின்னக் குளங்கள் எல்லாம் வராது, நிலங்களின் எல்லையும் துல்லியமாக இருக்காது. அதற்கு வருவாய்த்துறையின் கிராம வரைபடம் வேண்டும். மாணவர்களை ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரை, மடை, மறுகால் எங்கே என்று நடந்து பார்க்கட்டும். பிறகு சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அது இன்னும் குளம் புறம்போக்காகவே பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஆக்கிரமிப்பு பற்றித் தாசில்தாருக்கு மனு எழுதவும் அந்த எண்ணே உதவும்.