ஈறு நோய் என்றால் என்ன? அது எப்படி முற்றுகிறது?

பல்லைத் தாங்கிப் பிடிக்கும் ஈறும் அதன் அடியில் உள்ள எலும்பும் கிருமியால் கெடுவதுதான் ஈறு நோய். சொத்தை வேறு. ஈறு நோயில் பல் முழுசாகவே இருக்கும், பிடிமானம்தான் போகும்.

பல்லில் எந்நேரமும் வழவழவென்று கிருமிப் படலம் ஒன்று சேர்கிறது. ஈறு ஓரத்தில் அதைத் தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி, சில நாளிலேயே மஞ்சளாகக் காரை கட்டிவிடும். ஈறு சிவந்து வீங்கும்; பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுசாகச் சரியாகிவிடும். விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகி, பை மாதிரி இடைவெளி விழும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இயல்பு. அதைத் தாண்டினால் பிரஷ் எட்டாது. அப்புறம், கிருமியோடு போராடும் உடம்பின் எதிர்ப்பே எலும்பையும் கரைக்கத் தொடங்கும்.

காசிமேடு, திருவொற்றியூர்க் கரையோரம் பார்த்திருப்பீர்கள். அலை அடிமண்ணை அரித்துக்கொண்டிருக்கும், வீடு நிற்கத்தான் செய்யும். சுவரில் விரிசல் தெரிவதற்குள் அடியில் பாதி மண் போயிருக்கும். பல் ஆடுவதும் அப்படித்தான், முற்றிய கட்டம். கரைந்த எலும்பு தானாக வளராது. மேலும் கரையாமல் நிறுத்தலாம்.

பெரும்பாலும் வலி இருக்காது, அதுதான் ஆபத்து. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாக வராது, ஆனால் நோய் வேகமாக முற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வேகமாக முற்றும். வடசென்னைக்காரர்கள் கோட்டை ரயில் நிலையம் அருகே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.

"கிளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரைதான் ஒட்டிப் பிடித்திருந்தது, அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.