ஆங்கில இறந்தகால வினைகளின் ஒலிப்பு: கேள்வி பதில்

கேள்வி (ராயபுரம், சுங்க முகவர் அலுவலக ஊழியர்): ஐயா, துறைமுகத்தில் வெளிநாட்டு மாலுமிகளிடம் 'செக்கெட்', 'பேக்கெட்' என்று சொன்னால் மறுபடியும் கேட்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: எழுத்தைப் பார்த்து ஒலிப்பதில்தான் தவறு. இவ்வகை இறந்தகால வினைகள் எல்லாவற்றின் இறுதியிலும் 'ஈடி' (ed) என்றே எழுதினாலும், வினையின் கடைசி ஒலிக்கேற்ப அது மூன்று விதமாக ஒலிக்கும். செக், பேக், ஷிப், வாஷ் எனத் தொண்டை அதிராமல் முடியும் வினைகளில், 'பட்டு' என்ற சொல்லில் கேட்பது போன்ற வல்லோசை மட்டுமே ஒட்டும் என்பதால், 'செக்ட்', 'பேக்ட்' என ஒரே அசையில் முடித்துவிட வேண்டும். சீல், ஓபன், வெய் எனத் தொண்டை அதிர முடிபவற்றில் அது 'வண்டி'யில் வருவதுபோல் மெலியும். லோட், லிஃப்ட், வெயிட் என இந்த இரு ஒலிகளிலேயே முடிபவை மட்டும்தான் ஓர் அசை கூடி 'லோடிட்', 'லிஃப்டிட்', 'வெயிட்டிட்' ஆகும். சரக்கை எடை போட்டதைச் சொல்லும்போது 'வெய்ட்' என்பதில் ஓர் அசையைக் கூட்டிவிட்டால், காத்திருந்தோம் என்று பொருள் மாறிவிடும். ஐயம் வந்தால் குரல்வளையில் விரல் வைத்து, வினையின் கடைசி ஒலியை மட்டும் சற்று நீட்டிப் பாருங்கள், அதிர்வு தெரிந்துவிடும்.

கேள்வி (பெரம்பூர், கல்லூரி மாணவி): விதி புரிகிறது, ஆனால் 'ஆஸ்க்ட்' என் வாயில் 'ஆஸ்குடு' ஆகிவிடுகிறதே?

பதில்: தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது, அதனால்தான் நம் நாக்கு ஓர் உகரத்தைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. உயிரொலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் வைத்து, 'ஆஸ்க்ட் அஸ்' என்பதை 'ஆஸ்க் டஸ்' எனப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள் அம்மா. விரைவான பேச்சில் ஆங்கிலேயரே நடுவிலுள்ள ககரத்தை விழுங்கி 'ஆஸ்ட்' என்பதுண்டு.

கேள்வி (வியாசர்பாடி, இல்லத்தரசி): என் மகன் 'டிட் யூ வாக்ட்?' என்று எழுதுகிறான். சரியா?

பதில்: சரியன்று. 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டதால் 'வாக்' போதும். 'டிட் நாட்' வரும்போதும் அப்படியே.

கேள்வி (தண்டையார்பேட்டை, சட்ட மாணவர்): தீய என்று பொருள்படும் 'விக்கிட்' என்பதில் ககரத்துக்குப் பின் ஏன் தனி அசை வருகிறது?

பதில்: அது வினையன்று, பெயரடை. முற்காலத்தில் 'ஈடி' எங்கும் தனி அசையாகவே ஒலித்தது. வினைகளில் அது பெரும்பாலும் தேய்ந்துபோக, 'விக்கிட்', 'நேக்கிட்', 'சேக்ரிட்' போன்ற சில பெயரடைகளில் நிலைத்துவிட்டது. நீங்கள் நாளை பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் குறிப்பிடும்போது, 'லேர்னிட்' என இரண்டு அசையாகவே சொல்ல வேண்டும். சட்டம் கற்றதைச் சொல்லும் வினையாக வரும்போது அதே எழுத்துகள் 'லேர்ன்ட்' என ஓர் அசையில் அடங்கிவிடும்.