1,100 கட்டுரைக்காரரா, 38 கட்டுரைக்காரரா?

கேள்வி: எங்கள் துறையின் தேர்வுக் குழுவுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன. துகள் இயற்பியலாளர் 1,100 கட்டுரைகள் காட்டுகிறார். துகள்களை வேகப்படுத்தும் கருவிகளில் பணியாற்றும் முடுக்கிப் பொறியாளரிடம் 38தான், அதிலும் பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். எப்படி எடைபோடுவது?

பதில்: எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்னும் பெரும் ஆய்வுக் குழுக்களில் உறுப்பினராகித் தகுதி பெற்றவரின் பெயர், குழு வெளியிடும் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் வந்துவிடும். உணர்கருவியைக் கட்டியவர், அளவுதிருத்தம் செய்தவர், மென்பொருள் எழுதியவர் யாரையும் விட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. 2015இல் இரு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. வரிசை பங்களிப்பின்படி அமைவதில்லை. எனவே பட்டியலில் முதலில் இருக்கிறாரா கடைசியில் இருக்கிறாரா என்று பார்ப்பதில் பயனில்லை.

துகள் இயற்பியல் கட்டுரைகளைத் தொகுக்கும் இன்ஸ்பயர் தரவுதளத்தில் இயற்பியலாளரின் பக்கத்தைத் திறந்து, பத்துப் பேருக்கு மேற்படாத ஆசிரியர்கள் கொண்ட கட்டுரைகளை மட்டும் வடிகட்டுங்கள். மிஞ்சுவது சிலவே இருந்தாலும் அதைக் குறையாக எடுக்காதீர்கள். சொந்த உழைப்பு பெரும்பாலும் வெளியார் பார்க்க முடியாத, குழுவின் உள் ஆவணங்களில் கிடக்கிறது. எந்தப் பகுப்பாய்வு, அதில் பின்னணி மதிப்பீடா பிழைக் கணக்கா, தொகுப்பாசிரியராக இருந்தாரா என்று கேளுங்கள். குழுவின் பொறுப்பாளரிடமிருந்து கடிதமும் வாங்குங்கள். குழுவின் சார்பில் மாநாட்டில் பேசியிருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு, ஏனென்றால் பேச்சாளரைக் குழுவே தேர்ந்தெடுக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை: ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் உள்ள நம்மவர்கள் தரவுதளங்களில் எளிதில் கலந்துவிடுவார்கள். விண்ணப்பத்தில் உள்ள ஆர்ஸிட் எண்ணோடு (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய 16 இலக்க அடையாள எண்) ஒத்துப் பார்த்த பிறகே பட்டியலை நம்புங்கள்.

பொறியாளரின் கணக்கு வேறு. முடுக்கித் துறையில் மாநாட்டுத் தொகுப்புதான் அன்றாட ஆவணம். முடுக்கி மாநாட்டுக் கட்டுரைகளை வெளியிடும் ஜேகோ தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம், முழு நடுவர் ஆய்வு கிடையாது. மூத்தவர்கள்கூடச் சுவரொட்டியாகத்தான் வைப்பார்கள், அதை இழுக்காக எண்ண வேண்டாம். பார்க்க வேண்டியது தொடர்ச்சி: வடிவமைப்பு, முன்மாதிரி, குளிர்நிலைச் சோதனை, இயக்கத்துக்குக் கொண்டுவருதல். 1.3 கிகாஹெர்ட்ஸ் மீக்கடத்திக் கேவிட்டி (துகள்களை மின்புலத்தால் முடுக்கும் உலோகக் குழிவறை) பற்றியது என்றால், 2 கெல்வினில் மீட்டருக்கு எத்தனை மெகாவோல்ட், தரக்காரணி (ஆற்றல் இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) எவ்வளவு என்று அளந்த எண் இருக்கிறதா? ஒப்பிட, திட்ட நிலையில் உள்ள சர்வதேச நேர்கோட்டு மோதுவானின் வடிவமைப்பு இலக்கு மீட்டருக்கு 31.5 மெகாவோல்ட். கணினி உருவகப்படுத்தல் படங்கள் மட்டுமே ஆண்டுதோறும் வந்தாலோ, ஒரே முடிவு மூன்று மாநாடுகளில் தலைப்பு மாறி வந்தாலோ, 38ஐக் குறைத்து எண்ணுங்கள். முதிர்ந்த முடிவுகளில் சிலவாவது ‘பிசிக்கல் ரிவ்யூ ஆக்சிலரேட்டர்ஸ் அண்ட் பீம்ஸ்’ போன்ற இதழில் வந்திருந்தால் நல்லது.

வரவில்லையென்றாலும் தள்ளிவிட முடியாது. செர்ன் பொறியாளர் சைமன் வான் டெர் மீருக்கு 1984இல் இயற்பியல் நோபல் பெற்றுத் தந்த சீரற்ற குளிரூட்டல் முறையை (கற்றையில் சிதறும் துகள்களை நெருக்கமாக்கும் வழி) அவர் முதலில் எழுதியது 1972இன் செர்ன் உள் அறிக்கையில்தான், ஆய்விதழில் அல்ல.

கேள்வி: ஒருவரின் ஹெச்-குறியீடு (கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) இன்ஸ்பயரில் ஒன்று, கூகுள் ஸ்காலரில் வேறொன்று. ஏன்?

பதில்: இன்ஸ்பயர் தன்னிடமுள்ள கட்டுரைகளிலிருந்து வரும் மேற்கோள்களை மட்டுமே எண்ணும். வெற்றிடத் தொழில்நுட்பம், பொருளறிவியல், மின்பொறியியல் இதழ்களில் பல அதற்குள் வராது. அந்த மேற்கோள்கள் விடுபட, பொறியாளரின் எண் தாழ்ந்து தெரியும். ஸ்காலர் எல்லாவற்றையும் அள்ளும், குப்பையையும் இரட்டைப் பதிவையும் சேர்த்து.